ஐந்து நாட்டுச் சட்டம், மூன்று பேர் கொண்ட அணி: கிளிநொச்சியில் இருந்து நடத்தலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கிளிநொச்சியில் இருக்கும் இளம் சட்டத்தரணி நீங்கள். புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் தொடங்கிய ஒரு கம்பனி, அதன் சட்டப் பிரிவை உங்கள் கையில் தந்திருக்கிறது. தாய்க் கம்பனி சிங்கப்பூரில். வேலை செய்யும் ஆட்கள் இங்கேயும் சென்னையிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும். உங்களுக்குக் கீழே இரண்டே பேர், ஒருவர் சென்னையில், மற்றவர் லண்டனில். இருவரும் வயதிலும் அனுபவத்திலும் உங்களுக்கு மூத்தவர்கள். இத்தனை நாட்டுச் சட்டத்தையும் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது, இதற்காகக் கொழும்புக்கு மாற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். படிப்பதைப் பற்றிக் கேட்டாலும் உங்களைப் போட்டு வருத்துவது வேறொன்று என்றே நினைக்கிறேன். தனக்குத் தெரியாத சட்டத்தில் இன்னொருவர் சொல்லும் ஆலோசனைக்கு ஒருவர் எப்படிப் பொறுப்பு நிற்பது? அதற்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 2010இல் வவுனியாவில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் யூனியராகச் சேர்ந்தேன். சில வருடம் நீதிமன்றமும் நொத்தாரிசு வேலையும். பிறகு ஏற்றுமதிக் கம்பனி ஒன்றில் உள்ளகச் சட்டத்தரணியானேன். இன்றைக்கு உங்களுடையது போன்ற ஒரு சிறிய அணியை நடத்துகிறேன். இலங்கைச் சட்டத்தைப் பற்றிச் சொல்வதை என் தொழிலாகச் சொல்கிறேன். மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்வது அந்தந்த நாட்டுச் சட்டத்தரணிகளோடு வேலை செய்து அறிந்தது. அதை வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்களை நடத்துவது பற்றிச் சொல்பவை என் அபிப்பிராயம் மட்டுமே.

முதலில் பயத்தை இறக்கி வைப்போம். பல நியாயாதிக்கங்களில், அதாவது பல சட்டங்களின் எல்லைக்குள், வேலை செய்வது உங்களுக்குப் புதிது என்கிறீர்கள். வன்னியில் காணி வழக்குப் பார்த்த எவருக்கும் அது புதிதல்ல. 2010இல் செட்டிகுளம் முகாமில் இருந்து துணுக்காய்க்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்கள் கந்தோருக்கு வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் தண்ணீர் பட்டு ஒட்டிப்போன கடதாசிகள். போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் கரையில் பதுங்குகுழிக்குள்ளேயும் அந்தப் பையைத் தலைக்குக் கீழே வைத்திருந்ததாகச் சொன்னார். மேசையில் பழைய பேப்பரை விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கணவரின் பெயரில் ஒரு பெர்மிட், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம். அம்மாவின் தாய் எழுதிக் கொடுத்த சீதன உறுதி. அயலவர் ஒருவரிடம் கால் ஏக்கர் வாங்கியதற்கு முத்திரை ஒட்டிய ஒரு கைக்கடுதாசி. கணவர் இறந்ததற்கு ஒரு துண்டும் இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கட காணி எங்களுக்குத்தானே பிள்ளை?"

அந்த ஒரு பைக்குள் எத்தனை சட்டம் இருந்தது என்று பாருங்கள். பெர்மிட்டை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் ஆள்கிறது. பின்னுரித்தாளர், அதாவது பெர்மிட்காரருக்குப் பிறகு காணியைப் பெறுபவர், நியமிக்கப்படாவிட்டால் அப்போதைய மூன்றாம் அட்டவணைப்படி ஆண்வழிக்கு முன்னுரிமை, அதை 2022இல்தான் திருத்தினார்கள். சீதன உறுதிக்கு வடக்குத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டமும். கைக்கடுதாசியோ 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் முன் செல்லாக்காசு, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி கைமாறாது. மரணத்தைப் பதிவதற்கு அந்த வருடம்தான் 2010இன் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வந்திருந்தது. அவருக்குக் காணி ஒன்று, குடும்பம் ஒன்று. எங்களுக்கு நாலு சட்டம், நாலு கந்தோர், நாலு வேறு விடை. என் சீனியர் அன்று எந்த விடையையும் உடனே சொல்லவில்லை. கடதாசிகளை நாலு இடமாகப் பிரித்து வைத்தார். எது எங்கே போக வேண்டும், எது முதலில், எது பிந்தினால் மற்றதைக் கெடுக்கும் என்று ஒரு கொப்பியில் எழுதினார். அதற்குப் பிறகுதான் பேசினார். நீங்கள் இப்போது ஏற்றிருக்கும் பதவியின் வேலையும் இதுவே.

எங்கள் குளத்துக் கீழ் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை ஒவ்வொரு வயலிலும் என்ன நெல் நிற்கிறது என்று தலையில் வைத்திருக்க மாட்டார். எந்த வாய்க்காலை எப்போது திறந்தால் யாருடைய வரம்பு உடையும் என்பது அவருக்குத் தெரியும். சட்டப் பிரிவின் தலைவரும் அப்படித்தான். இந்தியச் சட்டம் சென்னையில் இருப்பவருக்குத் தெரியும், ஆங்கிலச் சட்டம் லண்டனில் இருப்பவருக்கு. ஆனால் சிங்கப்பூரில் எடுத்த ஒரு முடிவு மாங்குளத்தில் எதை உடைக்கும் என்பதை இருவருமே பார்க்க மாட்டார்கள். அந்த வரம்புகளைப் பார்ப்பது உங்கள் வேலை. ஐந்து நாட்டுச் சட்டத்தையும் படித்து முடிப்பது யாராலும் ஆகாது, அதை உங்களிடம் ஒருவரும் எதிர்பார்க்கவும் கூடாது.

மாங்குளம் என்று சும்மா சொல்லவில்லை. உங்கள் கம்பனி பொதியிடும் கொட்டகைக்குக் காணி வாங்க யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டப்படி, வெளிநாட்டவருக்கும், 50 வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குடைமை உள்ள கம்பனிக்கும் காணியின் சொந்தத்தை மாற்ற முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், 99 வருடம் வரை. வாங்கும் நாளில் மட்டும் 50 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் போதாது, தொடர்ந்து 20 வருடம் அப்படியே இருக்க வேண்டும். இப்போது யோசியுங்கள்: மூன்றாம் வருடம் சிங்கப்பூரில் புதிய முதலீட்டாளர் வருகிறார், பங்குகள் கைமாறுகின்றன, அங்குள்ள சட்டத்தரணி எல்லாக் கடதாசியையும் சரியாகத்தான் செய்கிறார். மாங்குளத்து உறுதிக்கு என்ன ஆகிறது என்று அவருக்கு யார் சொன்னது? கனடாப் பிரசாவுரிமை எடுத்து இலங்கைப் பிரசாவுரிமையை விட்ட எங்கள் அண்ணாமாரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவரின் நிலை வேறு. பங்குதாரர் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிரசாவுரிமையை எழுதி வையுங்கள், பலர் அதைக் கேட்கவே கூச்சப்படுவார்கள். காணி பெர்மிட் காணியா உறுதிக் காணியா என்பது அதற்கும் முதல் கேள்வி. பெர்மிட் காணியைப் பிரதேச செயலகத்தைத் தாண்டி ஒருவரும் உங்களுக்குக் குத்தகைக்குத் தர முடியாது, தருகிறேன் என்பவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும்.

அடுத்தது நான் பட்ட ஒரு பாடு. அது என் பிழை, ஆகவே விரிவாகவே சொல்கிறேன். உள்ளகச் சட்டத்தரணியாகச் சேர்ந்த இரண்டாம் வருடம், எல்லா நாட்டு முகாமையாளர்களுக்கும் பயன்படும் என்று ஒரு வேலைநீக்கக் கடித மாதிரியைத் தயாரித்தேன். "ஒரு மாத அறிவித்தல்" என்று நல்ல ஆங்கிலத்தில், அழகான கடிதம். எந்த நாட்டில் பயன்படுத்தலாம் என்று மேலே ஒரு வரி எழுதவில்லை. ரொறன்ரோவில் இருந்த முகாமையாளர் ஒருவர் அதை எடுத்துப் பெயரை மாற்றி, எங்கள் வவுனியாக் கிளையில் நாலு வருடம் வேலை செய்த ஒரு தம்பிக்கு வெள்ளிக்கிழமை இரவு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். அவருக்கு அது இயல்பான காரியம். அங்கே குற்றம் சாட்டாமலே, உரிய அறிவித்தலோ அதற்குப் பதில் பணமோ கொடுத்து ஒருவரை நிறுத்தலாம்.

இங்கே 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலையாட்களின் தொழில் முடிவுறுத்தல் சட்டம் இருக்கிறது. 15 பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் தொழில்தருநர், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் ஒன்றில் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாத நீக்கம் சட்டத்தில் செல்லாது. சம்பளத்தோடு திரும்ப எடுக்கச் சொல்லவும் ஆணையாளருக்கு அதிகாரம் உண்டு. திங்கட்கிழமை காலையில் அந்தத் தம்பி கடிதத்தை அச்சடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கோபம் இல்லை. கடிதத்தை இரண்டாக மடித்து, விரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, இதில உங்கட பேர் கீழ இருக்கு" என்றார். மாதிரியின் அடிக்குறிப்பில் தயாரித்தவர் என்று என் பெயர் இருந்தது. அந்தக் கடிதத்தை அன்றே மீளப் பெற்றோம், அவர் வேலையில் தொடர்ந்தார். அதன் பிறகு என் கையால் வெளியே போகும் எந்த மாதிரிப் பத்திரமும் முதல் வரியில் நாட்டின் பெயர் இல்லாமல் போனதில்லை. "இலங்கைக்கு மட்டும்." "ஒன்ராறியோவுக்கு மட்டும்", ரொறன்ரோ இருக்கும் மாகாணம் அது. உங்கள் கம்பனியில் பொது மாதிரிகள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். முதல் மாதத்தில் வேறொன்றும் செய்யாவிட்டாலும் அவற்றைத் தேடிப் பிடித்து நாட்டின் பெயர் போடுங்கள்.

ஒரே வாசகம் நாட்டுக்கு நாடு எப்படிப் பெறுமதி மாறும் என்பதற்கு, வேலையை விட்டுப் போனவர் போட்டிக் கம்பனியில் சேரக்கூடாது என்ற நிபந்தனை நல்ல உதாரணம். இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவால் வேலை முடிந்த பிறகான அந்தத் தடை செல்லாது. ஒன்ராறியோவில் 2021 ஒக்டோபர் 25 முதல், உயர் நிர்வாகிகள் போன்ற சில விதிவிலக்கோடு, அப்படி ஒப்பந்தம் செய்வதே தடை. இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் நியாயமான அளவுக்குள் இருந்தால் நீதிமன்றம் ஏற்கும். லண்டன் மாதிரியைச் சென்னையில் ஒட்டினால் வெறும் மை. ரொறன்ரோவில் ஒட்டினால் அதுவே ஒரு மீறல். இதே மாதிரி, ஆங்கிலச் சட்டத்திலும் இந்தியச் சட்டத்திலும் ஒரு வாக்குறுதி ஒப்பந்தமாவதற்குக் கைம்மாறு, அதாவது பதிலுக்கு ஏதாவது தருவது, வேண்டும். இலங்கைச் சட்டத்தின் ரோமன் டச்சு அடிப்படையில் நியாயமான காரணம் இருந்தால் போதும். ஆகவே லண்டனில் "அது சும்மா ஒரு ஈமெயில்" என்று தள்ளிவிடும் ஒரு உறுதிமொழி இங்கே கம்பனியைக் கட்டக்கூடும். இந்த இரண்டையும் அணியின் முதல் கூட்டத்தில் மூன்று பேரும் இருந்து பேசுங்கள். மற்றவர் நாட்டில் வேறு விதம் என்பது காதில் விழும்போதுதான் அனுபவசாலிகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இப்போது பலர் பேசாத ஒன்று. உங்கள் மூன்று பேருக்குள் போய்வரும் மின்னஞ்சல்கள் இரகசியம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சட்ட ஆலோசனையை வெளியிடும்படி வற்புறுத்த முடியாது என்ற பாதுகாப்பு உங்களைப் போன்ற உள்ளகச் சட்டத்தரணிக்கு உண்டா என்பது நாட்டைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 1972இல் அல்பிரட் குரோம்டன் வழக்கில் நீதிபதி டெனிங் பிரபு, சம்பளத்துக்கு வேலை செய்யும் உள்ளகச் சட்டத்தரணிக்கும் வெளிச் சட்டத்தரணிக்குரிய அதே பாதுகாப்பு உண்டு என்றார். சிங்கப்பூர் 2012இல் சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, உள்ளகச் சட்டத்தரணிக்கும் அந்தப் பாதுகாப்பைத் தரும் 128ஏ பிரிவைச் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியமோ நேர்மாறு. 2010 செப்டெம்பர் 14இல் அக்சோ நோபல் வழக்கில், ஐரோப்பிய ஆணைக்குழுவின் போட்டிச் சட்ட விசாரணைகளில் உள்ளகச் சட்டத்தரணியின் ஆலோசனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. அந்தச் சட்டத்தரணி நெதர்லாந்துச் சங்கத்தில் பதிந்தவர் என்பதும் அவரைக் காப்பாற்றவில்லை. இந்தியாவில் முழுநேரச் சம்பளத்துக்குப் போகிறவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது என்பது பார் கவுன்சிலின் 49ஆம் விதி. அதைப் பிடித்துக்கொண்டு 2025 ஒக்டோபர் 31இல் உச்ச நீதிமன்றம், புதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவுப் பாதுகாப்பு உள்ளகச் சட்டத்தரணிக்குக் கிடையாது, 134ஆம் பிரிவின் குறுகிய பாதுகாப்பு மட்டுமே என்றது. உங்கள் சென்னை சகாவுக்கு இது நேரடியாகப் பொருந்தும். இலங்கையில் சாட்சியக் கட்டளைச்சட்டத்தின் 126ஆம் பிரிவு சட்டத்தரணியின் தொழில்முறை ஆலோசனையைக் காக்கிறது. ஆனால் கம்பனிச் செயலாளராகவோ நிர்வாகியாகவோ நீங்கள் சொன்ன வியாபாரக் கருத்துக்கும் அது நீளும் என்று நம்பிக்கொண்டு எழுதுவது புத்தியல்ல.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? மிகவும் உணர்வான விடயம், கையூட்டுச் சந்தேகம், போட்டியாளரோடு விலை பேசியதாக ஒரு முறைப்பாடு, பெரிய வழக்கு வரப்போகிறது என்ற தகவல், இப்படி ஏதாவது என்றால் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே அந்த நாட்டு வெளிச் சட்டத்தரணியை உள்ளே எடுங்கள். அணிக்குள் தொலைபேசியில் பேசுங்கள். எழுதுவதென்றால், நாளைக்கு ஒரு நீதிபதி இதை வாசிப்பார் என்ற நினைப்போடு எழுதுங்கள். வட்ஸ்அப் குழுவில் சட்ட அபிப்பிராயம் சொல்வதை மூன்று பேரும் சேர்ந்தே நிறுத்துங்கள். எங்கள் ஆட்களுக்கு அது கஷ்டம், தெரியும். ஊழியர்களிடம் விசாரிக்கும்போது நீங்கள் கம்பனியின் சட்டத்தரணி, அவருடைய சட்டத்தரணி அல்ல என்பதைத் தமிழில், அவருக்கு விளங்கும்படி, தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஊர்ப்பிள்ளை என்ற உரிமையில் உங்களை நம்பி எல்லாவற்றையும் கொட்டுவார்கள். சொல்லாமல் கேட்டுவிட்டு அதைக் கம்பனிக்காகப் பயன்படுத்துவது பெரிய துரோகம்.

தெரியாத சட்டத்தில் வரும் ஆலோசனையை எப்படி எடைபோடுவது? சட்டத்தைச் சரிபார்க்க முடியாவிட்டாலும் ஆலோசனையைச் சரிபார்க்கலாம். கேள்வியை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: நடந்தது என்ன, நாங்கள் செய்ய நினைப்பது என்ன, எங்களுக்குப் பயம் எது, எந்த நாளுக்குள் விடை வேண்டும். விடை வந்ததும் நாலு விடயம் கேட்பேன். இது சட்டத்தில் எழுதியிருப்பதா, வழக்குத் தீர்ப்பா, அல்லது அங்குள்ள வழக்கமா? மீறினால் கதவைத் தட்டுவது யார், எவ்வளவு விரைவில்? திருத்திக்கொள்ள வழி உண்டா? உங்கள் சொந்தக் கம்பனி என்றால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் விடை முதல் பக்கத்தில் எழுதியதோடு பொருந்தாவிட்டால், அந்த இடைவெளிக்குள்தான் விடயம் இருக்கிறது, அங்கே தோண்டுங்கள். உதாரணத்துக்கு, முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தம் இந்தியாவில் "செல்லாது" என்று ஒருவர் எனக்கு எழுதினார். திருத்தலாமா என்று கேட்ட பிறகுதான், குறையைக் கட்டித் தீர்த்தால் சாட்சியமாக ஏற்கலாம் என்ற விளக்கம் வந்தது. 2023 டிசெம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வும் நடுத்தீர்ப்பு (arbitration) ஒப்பந்தங்கள் விடயத்தில் அதையே சொன்னது. செல்லாது என்பதற்கும் திருத்தலாம் என்பதற்கும் இடையில் எங்கள் கம்பனிக்கு ஒரு முழுக் கொள்வனவாளரே இருந்தார்.

வெளிச் சட்டத்தரணிகளுக்குப் பணம் அளவோடுதான் இருக்கும். மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவரிடம் முதலிலேயே ஒரு நிலையான தொகை கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. ரொறன்ரோவில் உங்களுக்கு ஆள் இல்லை என்றபடியால், சண்டை வருவதற்கு முன்பே அங்கு ஒருவரைப் பிடித்து வையுங்கள். கல்யாண வீட்டில் சந்தித்த சொந்தக்காரச் சட்டத்தரணி வேண்டாம். வேலைச் சட்டம் பார்க்கிறவரே வேலைச் சட்டத்துக்கு.

நாட்கள் ஒரு தனிச் சிக்கல். தனிநபர் தரவு வெளியே கசிந்தால் பிரித்தானியாவில் அறிந்ததில் இருந்து 72 மணித்தியாலத்துக்குள் மேற்பார்வை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்டதில் இருந்து மூன்று நாட்காட்டி நாட்கள். லண்டனில் வெள்ளி பின்னேரம் ஆறு மணி என்றால் இங்கே கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. அந்த நேரம் யார் தொலைபேசியை எடுப்பார் என்று இப்போதே தீர்மானித்து ஒரு தரம் ஒத்திகை பாருங்கள். ஒப்பந்தங்களில் "வேலைநாள்" என்ற சொல்லுக்கு எந்த நாட்டு நாட்காட்டி என்று எழுதாவிட்டால், எங்களுடைய போயா விடுமுறை நாளில் மறுபக்கத்துக்குக் கெடு முடிந்துவிடும். இன்னொன்று: இலங்கையின் 2006ஆம் ஆண்டு மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம், ஒருவர் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோர்னித் தத்துவத்தையும் காணிக் கைமாற்றத்தையும் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. திரையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதாது. பங்குதாரர் ரொறன்ரோவில் இருந்தால் அதற்குரிய கிழமைகளைத் திட்டத்தில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரு எக்ஸெல் தாளில் வைத்திருக்கிறேன். கடமை, நாடு, நாள், பொறுப்பாளி, அவர் இல்லாவிட்டால் யார், செய்து முடித்ததற்கான ஆதாரம் எங்கே. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் மூன்று பேருக்குத் தேவையில்லை. "அவர் இல்லாவிட்டால் யார்" என்ற நிரல் 2018 டிசெம்பரில் சேர்ந்தது. இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் கிடந்த நாட்கள் அவை. எனக்கு மின்சாரமும் இல்லை, வலையமைப்பும் இல்லை. ஒரு பதிலுரைக்கு அடுத்த நாள் கெடு. கோப்பு என் மடிக்கணினிக்குள் மட்டும் இருந்தது. ஓமந்தையைத் தாண்டி வவுனியா வரைக்கும் உழவு இயந்திரத்திலும் லொறியிலும் மாறி மாறிப் போய் அனுப்பினேன். ஒரு ஆளின் கையில் மட்டும் ஒரு நாட்டின் முழுக் கோப்பும் இருப்பது சிறிய அணிக்கு வரும் பெரிய ஆபத்து. வெள்ளம்தான் வேண்டும் என்றில்லை, ஒரு பிரசவ விடுமுறை போதும்.

மூத்தவர்களை நடத்துவது பற்றி. இதில் சட்டம் எதுவும் இல்லை, எனக்குச் சரிவந்ததைச் சொல்கிறேன். இருவரிடமும் முதல் கிழமையே தனித்தனியாக ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்குங்கள். "எனக்கு உங்கள் நாட்டுச் சட்டம் தெரியாது, தெரிந்தது போல நடக்கவும் மாட்டேன், உங்கள் நாட்டில் இந்தக் கம்பனி பிடிபடக்கூடிய மூன்று இடங்களைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சென்னையில் இருப்பவரை "சார்" என்று அழைப்பதால் உங்கள் பதவி இறங்கிவிடாது. ஆனால் தீர்மானம் யாருடையது என்பதில் மயக்கம் இருக்கக்கூடாது. அவர்களுடைய நாட்டு ஆலோசனையில் அவர்கள் பெயர் இருக்கட்டும். கம்பனி என்ன செய்ய வேண்டும் என்ற கடைசிப் பந்தியில் உங்கள் பெயர். உடன்படாவிட்டால் பணிப்பாளர்களின் முன்னால் அல்ல, அதற்கு முதல்நாள் தொலைபேசியில் முடியுங்கள். அவர்கள் சொன்னதற்கு மாறாக நீங்கள் முடிவெடுத்தால் ஏன் என்று மூன்று வரி எழுதி அவர்களுக்கே முதலில் காட்டுங்கள். சம்பள வித்தியாசம் மனத்தை உறுத்தும். லண்டன் சம்பளமும் கிளிநொச்சிச் சம்பளமும் ஒன்றல்ல, தலைமை தாங்குகிறவர் நீங்கள் என்றாலும். அதை அவரோடு மனத்தாங்கலாக வளர விடாமல் கம்பனியோடு நேரே பேசுங்கள். வேலைக்கான பெறுமதியைக் கேட்பதற்கு ஊர் ஒரு காரணமாகிவிடக்கூடாது.

கொழும்பு பற்றிக் கேட்டீர்கள். வர்த்தக மேல் நீதிமன்றம் கொழும்பில்தான். வழக்கு என்று வந்தால் இரவு பஸ் ஏற வேண்டியதுதான், அங்கே ஒரு நல்ல வழக்குச் சட்டத்தரணியும் உங்களுக்கு வேண்டும். எல்லை கடந்த பெரிய ஒப்பந்தங்களில் சிங்கப்பூரில் நடுத்தீர்ப்பு என்று எழுதினால், வெளிநாட்டு நடுத்தீர்ப்புகளை ஏற்கும் நியூயோர்க் சமவாயத்தின் வழியாகத் தீர்ப்பை இங்கேயும் இந்தியாவிலும் நிறைவேற்றலாம், அந்த அளவுக்குக் கொழும்புப் பயணமும் குறையும். மற்றப்படி உங்கள் கம்பனிக்கு ஆட்கள் இருப்பதும், காணி வாங்கப் போவதும், நெல்லும் பழமும் கொள்முதல் செய்வதும் இங்கே. கிளிநொச்சி நீதிமன்றில் தமிழில் வரும் ஒரு அழைப்பாணையை, பிரதேச செயலகத்தில் ஒரு உத்தியோகத்தர் தயங்கிச் சொல்லும் அரை வசனத்தை, ஒரு ஊழியரின் முகத்தை வாசிக்கக்கூடிய சட்டத்தரணி கம்பனிக்குக் கொழும்பில் கிடைக்க மாட்டார். நான் என்றால் மாற மாட்டேன். மாதிரித் தாளும், வெளிச் சட்டத்தரணிக்கு எழுதும் ஒரு பக்கக் கேள்வியின் வடிவமும் என்னிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள், கம்பனி விபரங்களை நீக்கிவிட்டு இந்தக் கிழமைக்குள் தருகிறேன். காணியில் முற்பணம் கொடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அதற்காகக் காத்திருக்காமல், பங்குதாரர் பட்டியலை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.